மோகன் வாங்கிய லென்ஸ்கள்

1

நான் நியூசிலாந்துக்கு வந்து பத்து வருடம் ஆகிவிட்டது என்பதை எனக்கு நினைவுபடுத்தியது ஓர் அரசாங்கக் கடிதம். உங்கள் ஓட்டுநர் உரிமம் காலாவதியாகப் போகிறது, நேரில் வந்து புதுப்பித்துக்கொள்ளவும் என்று எழுதியிருந்தார்கள்.

முதல் தடவை போனபோது திருப்பி அனுப்பினார்கள். முகவரிக்குச் சான்றாக நான் கொண்டுபோன கரண்ட் பில் மனைவி பெயரில் இருந்தது. இரண்டாம் தடவை தண்ணீர் வரி ரசீதோடு போனேன். அதில் என் பெயர் இருந்தது, ஆனால் அப்பா பெயர் வெறும் ஓர் எழுத்தாகச் சுருங்கியிருந்தது. பாஸ்போர்ட்டில் அது முழுதாக இருக்கிறது, இரண்டும் ஒரே ஆள்தானா என்று சந்தேகப்பட்டார்கள். மூன்றாம் தடவை வங்கியில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போய் நின்றேன். அதற்குப் பிறகு கண் பரிசோதனை.

கவுண்டரின் மேல் பெட்டி மாதிரி ஒரு கருவி. நெற்றியை அதன் விளிம்பில் அழுத்தினால்தான் உள்ளே விளக்கு எரியும். எழுத்துகளைப் படித்து முடித்தேன். அந்தப் பெண் அடுத்து ஏதோ கேட்டாள், ‘லிஃப்ட்’ என்று காதில் விழுந்தது. நெற்றியைத் தூக்கினேன். விளக்கு அணைந்துவிட்டது. மறுபடி நெற்றியை வைத்தேன், மறுபடி அவள் லிஃப்ட் என்றாள், மறுபடி தூக்கினேன். மூன்றாவது முறைதான் புரிந்தது. ஓரத்தில் ஒரு சின்ன வெளிச்சம் மின்னும், அது லெஃப்டா ரைட்டா என்று அவள் கேட்டிருக்கிறாள். இந்த ஊர்க்காரர்கள் வாயில் ‘எ’ எல்லாம் ‘இ’ ஆகிவிடும். பத்து வருடம் ஆகியும் என் காது அதற்குப் பழகவில்லை. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

எனக்குப் பின்னால் ஒரு பெரியவர். பண்ணை வைத்திருப்பவர் போலிருந்தது, முழங்கால் வரை பூட்ஸ் போட்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்ததால் நடந்ததைப் பார்க்க முடிந்தது. எழுத்துகளை அவர் கடகடவென்று படித்தார். பிறகு பேசாமல் இருந்தார். அந்தப் பெண்ணின் விரல் பொத்தானை அழுத்துவதைப் பார்த்தேன். ஒரு முறை, இரண்டு முறை, நான்கு முறை. ‘ஆரம்பித்துவிட்டாயா?’ என்று அவர் கேட்டார்.

கருவி பழுது என்று அவர் வாதாடினார். இப்போதுதானே இவருக்கு வேலை செய்தது என்று அந்தப் பெண் என்னைக் காட்டினாள். அவர் என்னைப் பார்க்கத் திரும்பினார். நான் அவருக்கு இடப்பக்கம் ஒரு கை தூரத்தில்தான் நின்றேன். அவர் தலை என்னைத் தேடிக்கொண்டு முழுதாகச் சுற்றி வர வேண்டியிருந்தது. அவர் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது காரை ஓட்டிக்கொண்டு போனது அந்த அம்மாள்தான்.

வீட்டில் சாப்பிடும்போது லிஃப்ட் கதையை மட்டும் சொன்னேன். என் மகள் நிலாவுக்குப் பதினாறு வயது. இந்த ஊரிலேயே வளர்ந்தவள். அப்பாவின் காது பற்றிய கதைகளுக்கு அவள் சிரிப்பதை நிறுத்தி இரண்டு வருடமாகிறது.

2

மோகனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் குறிப்பில் பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கோவையில் பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள். நான் படித்து முடித்து எங்கெங்கோ போய்க் கடைசியில் இங்கே ஒரு பால் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிக்கிறேன். மோகன் துடியலூரை விட்டு நகரவில்லை. பம்ப்செட் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை வைத்திருக்கிறான். படிக்கும்போது எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய பிலிம் கேமரா. ஒரு ரோலில் முப்பத்தாறு படம். ஆளுக்குப் பதினெட்டு.

படம் எடுக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான். அழுத்துவதற்கு முன்னால் நாலு மூலையையும் பார் என்பான். நான் எடுத்த படத்தைக் கையில் வாங்கினால் அவன் கண் முதலில் ஓரத்துக்குத்தான் போகும். அங்கே யாருடைய செருப்பு நுனியோ, பாதி வெட்டுப்பட்ட சைக்கிள் சக்கரமோ இருக்கும். அதன் மேல் விரலை வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுப்பான்.

இப்போது போனில் எங்களுக்கு ஒரு குழு இருக்கிறது. கோவை, திருப்பூர்ப் பக்கத்துப் பொழுதுபோக்குப் படக்காரர்கள் பதினோரு பேர். வக்கீல், பல் டாக்டர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளர் எல்லாரும் உண்டு. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை ‘இந்த மாச வரவு’ என்று அவரவர் வாங்கியதைப் படம் பிடித்துப் போடுவார்கள். மறுபடி பிலிம் மோகம் பிடித்தபின் அங்கே நல்ல பொருள் கிடைப்பது சிரமமாயிற்று. அதனால் நான் அவர்களுக்குச் சப்ளையர் ஆனேன். இந்த ஊரில் வயதானவர்கள் இறந்துபோனால் பிள்ளைகள் வீட்டுச் சாமானை முற்றத்தில் பரப்பி விற்பார்கள். அதில் ஒரு கேமராவாவது இருக்கும். பிள்ளையைப் பார்க்க வந்துவிட்டு ஊர் திரும்பும் யாரோ ஒரு மாமியாரின் பையில், துணிகளுக்கு நடுவே, அது கோவைக்குப் போய்ச் சேரும்.

உரிமம் புதுப்பித்த அன்று மாலை மோகன் குழுவில் ஒரு படம் போட்டிருந்தான். நான் அனுப்பிய பதினைந்து மில்லிமீட்டர் வைட் லென்ஸ் அவன் உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. ‘வந்துருச்சு மாப்ள, ஊரே உள்ள அடங்குது’ என்று கீழே எழுதியிருந்தான். அதைப் போட்டு எடுத்த நான்கு படங்களும் கூடவே இருந்தன.

நிலா பள்ளியில் போட்டோகிராபி ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். மோகன் அங்கிள் ஏன் எப்போதும் இடப்பக்கம் இருக்கிற ஆளை வெட்டிவிடுகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

நான்கு படங்களிலும் அப்படித்தான் இருந்தது. ஒன்றில் பாதி முகம். ஒன்றில் ஒரு கை. ஒன்றில் அவன் கேமராப் பையின் வாரே உள்ளே வந்திருந்தது.

குழுவைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். ஐந்து வருடத்து வரவுகள். முதலில் ஐம்பது மில்லிமீட்டர் வைத்திருந்தான். அதை விற்று முப்பத்தைந்து வாங்கினான். பிறகு இருபத்தெட்டு, இருபத்துநான்கு, இருபது. எண் குறையக் குறையப் படத்துக்குள் அடங்கும் காட்சி அகலமாகும்; ஒவ்வொன்றும் முந்தையதைவிட அகலம். கூடவே, குறைந்த வெளிச்சத்துக்கான விலை உயர்ந்த லென்ஸ்கள். பட்டப்பகலில் படம் எடுப்பவனுக்கு எதற்கு இருட்டுக்கான லென்ஸ் என்று பல் டாக்டர் கேலி செய்திருந்தார். ‘வயசாவுதுல்லங்க’ என்று இவன் பதில் போட்டிருந்தான். படங்கள் மாறிக்கொண்டே வந்திருந்தன. எல்லாம் நடுவில். ஓரத்தில் என்ன இருக்கிறது என்று யாருமே பார்க்காத படங்கள். மோகனின் புது பாணி என்று நாங்கள் எல்லாரும் பாராட்டியிருந்தோம். நானும்தான்.

மறுநாள் ஒரு காரியம் செய்தேன். கறுப்புத் தாளைக் குழலாகச் சுருட்டி ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு கேமராவுக்குள் பார்த்தேன். சாதாரண லென்ஸில் அடுப்படியில் நின்ற மனைவியின் தோள் மட்டும் தெரிந்தது. வைட் லென்ஸை மாட்டினேன். அடுப்படி, ஜன்னல், மேஜை, மனைவி எல்லாம் சுருங்கி அந்தத் துளைக்குள் வந்து நின்றன. என்ன செய்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். குழலைக் கசக்கிக் குப்பையில் போட்டேன்.

3

இரண்டு வருடத்துக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது மோகன் வீட்டில் நான்கு நாள் தங்கினேன். அவன் மனைவி சுமதியும் எங்களோடு படம் எடுக்க வருவாள். அவளுக்குக் கேமராவில் ஆர்வம் கிடையாது. ஆனாலும் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் வருவாள். வீட்டுக்காரரைத் தனியாக விட மனமில்லை என்று குழுவில் கிண்டல் செய்வோம்.

கொடுமுடிக்குப் போனோம். சுமதி முன் இருக்கையில், மோகனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் பின்னால். வழி முழுதும் அவள் பேசிக்கொண்டே வந்தாள். ‘லெப்ட்ல பைக் வருதுங்க.’ ‘அந்தப் பக்கம் ஒரு அம்மா நிக்கிறாங்க.’ மேப் சொல்லும் பெண்ணைவிட நீ அதிகம் பேசுகிறாய் என்று நான் சொன்னேன். மோகன் சத்தமாகச் சிரித்தான். சுமதி சிரிக்கவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

காவிரிப் படித்துறையில் இறங்கும்போது அவள் அவன் இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். டீக்கடைக்காரர் இடப்பக்கமிருந்து நீட்டிய கிளாஸை மோகன் தட்டிவிட்டுவிட்டான். வீட்டுக் கேட்டின் இடது தூணில் காரின் பெயிண்ட் கோடு கோடாக இழுபட்டிருந்தது. எனக்கு அது எதுவுமே உறைக்கவில்லை. கொங்கு நாட்டுப் பெண்ணுக்குக் கல்யாணமாகி இருபது வருடம் கழித்தும் புருஷன் மேல் இத்தனை பிரியமா என்று என் மனைவியிடம் போனில் சொன்னேன்.

4

உடனே சொல்லியிருக்க வேண்டும். நான் மூன்று வாரம் சொல்லவில்லை.

ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் இருந்தது. நான் டாக்டர் இல்லை. சில படங்களையும் ஒரு காகிதக் குழலையும் வைத்துக்கொண்டு ஒருவனுக்குப் பார்வை போகிறது என்று எப்படிச் சொல்வது? பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருப்பவர்களுக்குப் புத்தி சொல்லும் ஆளாகிவிடுவோமோ என்ற கூச்சமும் இருந்தது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இது தெரியும். நம் அக்கறை அங்கே போய்ச் சேரும்போது அதிகாரமாக மாறிவிடுகிறது.

ஒரே ஒரு தடவை சுற்றிவளைத்துப் பேசினேன். எனக்கு இங்கே கண் பரிசோதனை செய்தார்கள், நீயும் ஒருமுறை பார்த்துக்கொள் என்றேன்.

“கண்ணாடிக் கடையில பாத்துப்போட்டுத்தான் மாப்ள வந்தேன். கடைசி வரி வரைக்கும் படிச்சேன்” என்றான்.

அந்தப் பெரியவரும் கடைசி வரி வரைக்கும் படித்தார் என்பது எனக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. பேச்சு பிலிமுக்குப் போய்விட்டது.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை. இங்கே மத்தியானம், புல் வெட்டிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. ஊரில் அப்போது காலை ஆறரை மணி. குழுவில் மோகன் படம் போட்டிருந்தான். கார் கண்ணாடிக்கு வெளியே விடிந்துகொண்டிருக்கும் ரோடு. ‘கொடுமுடி கிளம்பியாச்சு. புது லென்ஸோட மொத வெளியூர் ஓட்டம்.’ படத்தின் இடது கீழ் மூலையில் பக்கத்து இருக்கை தெரிந்தது. அதில் கேமராப் பை இருந்தது. சுமதி இல்லை.

அவனைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டுபவனுக்குப் போன் அடிப்பதும் ஆபத்து என்று நிறுத்தினேன். சுமதியைக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. புல்வெட்டியை அப்படியே போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். சூலூர் தாண்டியிருப்பான், பல்லடம் வந்திருக்கும் என்று ரோட்டை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். காங்கேயம் வரைக்கும் என்னால் போக முடியவில்லை. வா அப்பா, சாப்பிடலாம் என்று நிலா இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். இரண்டாவது தடவை, யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டாள்.

5

இங்கே இருட்டுவதற்குச் சற்று முன்னால் சுமதி அழைத்தாள்.

“அண்ணா, அவருக்கு ஒண்ணுமில்லீங்க” என்றுதான் ஆரம்பித்தாள். “அந்தாளுக்குத்தான் கால் நசுங்கிப்போச்சுங்க.”

பல்லடத்துக்குக் கொஞ்சம் முன்னால் நடந்திருக்கிறது. விசைத்தறியில் ராத்திரி ஷிப்ட் முடித்துவிட்டு முருகேசன் என்கிற ஒருவர் மொபெட்டில் மண் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு வந்திருக்கிறார். இடப்பக்கம். மோகனின் கார் அவர் மேல் ஏறியது. அவரைக் கோவைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மோகன் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான். குழுவில் இருக்கும் வக்கீல் உடனே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஆள் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. மொபெட்காரர்கள் அப்படித்தானே வருவார்கள். யாரும் சந்தேகப்படவில்லை.

மூன்று வாரமாக உள்ளே வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னேன். அவனுக்கு ஓரப் பார்வை போய்விட்டது என்று நினைக்கிறேன் அம்மணி, டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ என்றேன்.

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“தெரியுமுங்கண்ணா” என்றாள். “மூணு வருசமா அந்தப் பக்கத்துக் கண்ணு நாந்தானுங்க. இன்னைக்குப் புள்ளைக்குப் பரிச்சைன்னு கூடப் போயிட்டேன். ஒரே ஒரு நாள் உட்டுப்போட்டனுங்க.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டு கண்ணிலும் அழுத்தம் கூடும் நோய், இடப்பக்கம் அதிகம். மூன்று வருடத்துக்கு முன்பே டாக்டர் சொல்லிவிட்டார். போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விடலாம், வண்டி ஓட்டக்கூடாது. மோகன் அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். கண் தெரியாதவன் பட்டறைக்கு யார் ஆர்டர் தருவார்கள் என்பது அவன் பயம். அன்றிலிருந்து அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடத் தவறவிடவில்லை.

கடைசியில் இன்னொன்றும் சொன்னாள். முருகேசனுக்கு நினைவு வந்ததும் அவர் தன் மனைவியிடம் சொன்னாராம், நான் ரோட்டுக்குள் வரவே இல்லை, பஸ் போகட்டும் என்று ஓரமாக நின்றுகொண்டிருந்தேன் என்று. அதிர்ச்சியில் பேசுகிறார் என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். “நின்னுட்டுத்தான் இருந்திருப்பாருங்க” என்றாள் சுமதி. அவள் குரல் மிகவும் மெதுவாக இருந்தது. “நீங்க யார்கிட்டயும் சொல்லிப்போடாதீங்கண்ணா.”

சரி என்று சொன்னேன்.

6

இரண்டு நாள் கழித்து மோகனே பேசினான். சுமதி அவனிடம் சொல்லியிருக்கிறாள்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

மூன்று வாரமாக என்றேன்.

“அப்ப நீயும் சொல்லல.”

அவன் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு கூட்டாளி கிடைத்த நிம்மதியோடு சொன்னான். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அந்த ஆளுக்கு நல்ல ஆஸ்பத்திரி பார்த்துக் கொடுத்திருக்கிறோம், மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் மாப்ள என்றான். பிறகு, அதே மூச்சில், இந்தப் பதினைந்தைவிட அகலமாக ஏதாவது கிடைத்தால் எடுத்து வை, யாராவது வரும்போது கொடுத்து விடு என்றான். பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் ‘பார்க்கலாம்’ என்ற சொல் என் வாயில் வெகுநேரம் கசந்தது.

அதற்குப் பிறகு வேலைக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போதெல்லாம் ரோட்டோரத்தில் நிற்பவர்களைப் பார்த்தேன். இந்த ஊரில் காலை நேரத்தில் அதிகம் பேர் நிற்பதில்லை. பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள், நாயோடு ஒரு பெண். அவர்கள் எல்லாரும், வருகிற வண்டிக்காரனின் கண்ணில் தாங்கள் படுவோம் என்று நம்பி நிற்கிறார்கள். முருகேசனும் அப்படித்தான் நின்றிருப்பார். அவர் தறியில் வேலை செய்பவர். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. குழுவில் ஒவ்வொருவராக வரவைப் போட ஆரம்பித்தார்கள். பல் டாக்டர் ஒரு பழைய பெட்டிக் கேமரா வாங்கியிருந்தார். வங்கி மேலாளர் பத்து ரோல் கறுப்பு வெள்ளைப் பிலிம். மோகன் ஒரு படம் போட்டான். காரின் இடப்பக்கக் கண்ணாடி. அதன் மூலையில் சின்னதாக, வட்டமாக, குவிந்த இன்னொரு கண்ணாடி புதிதாக ஒட்டப்பட்டிருந்தது. அதற்குள் துடியலூர் ரோடு முழுவதும் வளைந்து அடங்கியிருந்தது.

‘வண்டிக்கும் ஒரு வைட் லென்ஸ் வாங்கிப்போட்டேன்’ என்று எழுதியிருந்தான்.

கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. வக்கீலும் ஒன்று போட்டார்.

அவனைத் தனியாகக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். அதன்பின் சமையலறை மேஜையில் உட்கார்ந்து குழுவில் எழுதினேன். மோகனுக்கு இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை இல்லை என்றும், மூன்று வருடமாக அது அவனுக்குத் தெரியும் என்றும், முருகேசன் குறுக்கே வரவில்லை, ஓரமாக நின்றிருந்தார் என்றே நான் நம்புகிறேன் என்றும், இது எனக்கு முன்பே தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை என்றும் எழுதினேன். என் தட்டச்சுத் தமிழில் பிழைகள் இருந்தன. திருத்தவில்லை. திருத்த உட்கார்ந்தால் அனுப்பமாட்டேன் என்று தெரியும்.

எல்லாரும் படித்துவிட்டார்கள் என்று போன் காட்டியது. யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. வக்கீல் குழுவிலிருந்து வெளியேறினார். பிறகு மோகன்.

நான்கு நாள் எந்தச் செய்தியும் இல்லை. என் மனைவி, நீங்கள் செய்தது சரிதான் என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகம் சரியாக இல்லை. அவளும் சுமதியும் அக்கா தங்கை மாதிரிப் பழகியவர்கள். நிலா மட்டும் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தக் கால் போன மனிதரின் பெயர் என்ன என்று கேட்டாள். சொன்னேன். அதை அவள் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அவள் ‘ழ’ சொல்லத் தவிப்பவள். இந்தப் பெயரில் அது இல்லை, சரியாகச் சொன்னாள்.

ஐந்தாம் நாள் சுமதி அழைத்தாள். எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கத் தொடங்கினேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

“ஸ்டேஷனுக்குப் போயி உள்ளதச் சொல்லிப்போட்டு வந்துட்டமுங்க. டாக்டர் சீட்டும் குடுத்தாச்சு. வண்டிச் சாவி எங்கிட்ட இருக்குதுங்க.” மூச்சு வாங்கினாள். “இனிமே நீங்க எங்களுக்குப் போன் பண்ண வேண்டாமுங்கண்ணா.”

பின்னால் லேத் ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அதை நிறுத்தினார்கள். அவள் போனை வைத்துவிட்டாள்.